பிடிக்கவில்லை என்றால் பிடிக்கவில்லை

"இதில் அப்படி என்னதான் இருக்கிறது, எனக்குப் புரியவில்லை" என்று ஓர் ஆண் ஒரு வீடியோ கேமைப் பற்றிச் சொன்னால் அது விமர்சனம். அதே வாக்கியத்தை ஒரு பெண் சொன்னால் அது வாக்குமூலம். அவன் சொன்னால் அந்த கேமில் ஏதோ குறை இருக்கிறது. அவள் சொன்னால் அவளிடம் ஏதோ குறை இருக்கிறது. இந்த வித்தியாசம் எங்கிருந்து வருகிறது, யாருக்கு லாபமாக இருக்கிறது என்பதைத்தான் இங்கே பேச விரும்புகிறேன்.

நான் இருபது வருடங்களாக கேம் ஆடுகிறவள். பப்ஜி ஆடியிருக்கிறேன். ஜிடிஏ ஆடியிருக்கிறேன். டார்க் சோல்ஸ் ஆடியிருக்கிறேன். மூன்றும் உலகம் கொண்டாடும் கேம்கள். மூன்றும் எனக்கு ஒட்டவில்லை. இதைச் சொன்ன இடங்களில் எல்லாம், அலுவலக கேன்டீனில், நண்பர்கள் வீட்டு மொட்டைமாடியில், சொந்தக்காரர் கல்யாணத்தில், எனக்குப் பாடம் எடுத்தார்கள். "நீங்க சரியா ஆடலை." "முதல் பத்து மணி நேரம் அப்படித்தான் இருக்கும், அதுக்கப்புறம்தான் சூடு பிடிக்கும்." கல்லூரியில் படிக்கும் சித்தி மகன் ஒருத்தன் என் கையிலிருந்த போனைத் திருப்பிப் பிடித்து, "கட்டை விரலை இங்க வைங்கக்கா" என்று காட்டிக்கொடுத்தான். அதே கல்யாண வீட்டில், அதே கூடத்தில், அவனுடைய அப்பாவும் "இந்தக் கருமத்துல என்னடா இருக்கு" என்றுதான் கேட்டார். அவர் கட்டை விரலை யாரும் பிடித்து வைக்கவில்லை. சிரித்தார்கள், விட்டுவிட்டார்கள்.

ஒரு பெண் "பிடிக்கவில்லை" என்கிறாள். கேட்பவர் காதில் அது "புரியவில்லை" என்று விழுகிறது. அடுத்த நொடியில் அது "முடியவில்லை" என்று ஆகிவிடுகிறது. பிடிக்காமல் போவதற்கு அவளுக்கு அனுமதி இல்லை. சமையல், சினிமா, கிரிக்கெட், அரசியல் என்று எல்லாவற்றிலும் நடப்பதுதான் இது. கேமில் மட்டும் கொஞ்சம் வெளிப்படையாகவே நடக்கிறது.

"நன்றாக ஆடிப் பழகு, புரிந்துகொள், அதன் பிறகு விமர்சனம் செய்" என்பது நியாயமான பேச்சு மாதிரித்தான் தெரியும். சரி, பழகி, புரிந்து, ரசித்த ஒரு பெண்ணுக்கு என்ன நடந்தது என்று பார்ப்போம்.

2013 செப்டம்பரில் கிராண்ட் தெஃப்ட் ஆட்டோ 5 வந்தது. மூன்றே நாளில் நூறு கோடி டாலர் வசூல். இன்றைக்கு 20 கோடிப் பிரதிகளுக்கு மேல் விற்றிருக்கிறது. அதில் நாம் ஆடக்கூடிய கதாநாயகர்கள் மூன்று பேர்: மைக்கேல், ஃப்ராங்க்ளின், ட்ரெவர். மூவரும் ஆண்கள். அந்தப் பெரிய நகரத்தில் பெண்கள் யார் யாராக வருகிறார்கள்? நச்சரிக்கும் மனைவியாக, அலட்சியமான மகளாக, ஆடை களையும் நடனக்காரியாக, காசுக்குக் காரில் ஏறுகிறவளாக. கேம்ஸ்பாட் தளத்தில் கரோலின் பெட்டிட் அதற்கு மதிப்புரை எழுதினார். பத்துக்கு ஒன்பது மதிப்பெண் கொடுத்தார். அதன் உலகத்தை, கதை சொல்லும் விதத்தை, வேலைப்பாட்டை மனமாரப் பாராட்டினார். கூடவே, இதில் பெண் வெறுப்பு இருக்கிறது என்று ஒரு குறையையும் எழுதினார்.

அந்த ஒரு குறைக்காக ஆயிரக்கணக்கில் வசைகள் வந்து விழுந்தன. அவரை வேலையை விட்டு நீக்கச் சொல்லி இணையத்தில் கையெழுத்து வாங்கினார்கள். அவர் திருநங்கை என்பதைச் சொல்லிச் சொல்லித் தாக்கினார்கள். கவனியுங்கள்: அவர் கேமை ஆடி முடித்தவர். ரசித்தவர். தொழில்முறை விமர்சகர். பத்துக்கு ஒன்பது கொடுத்தவர். புரிந்துகொண்டு பேசு என்ற நிபந்தனையை அவரைவிட முழுமையாக யாரும் நிறைவேற்ற முடியாது. அப்படியும் மன்னிக்கவில்லை. அப்படியானால் அந்த நிபந்தனை எதற்கு? பெண்ணை வாசலிலேயே நிறுத்திவைப்பதற்கு. அவள் வாசலைத் தாண்டி வந்துவிட்டால் வேறொரு நிபந்தனை வரும்.

அதற்கு முந்தைய வருடம், 2012ல், கேம்களில் பெண்கள் எப்படிச் சித்தரிக்கப்படுகிறார்கள் என்று ஒரு வீடியோ தொடர் எடுக்க அனிதா சர்கீசியன் பொதுமக்களிடம் 6,000 டாலர் கேட்டார். தொடரின் முதல் வீடியோ வெளிவரும் முன்பே தாக்குதல் ஆரம்பித்துவிட்டது. அவர் முகத்தைக் குத்திக் குத்திக் காயப்படுத்துவதையே ஒரு கேமாகச் செய்து ஒருவன் இணையத்தில் போட்டான். இன்னொரு பக்கம் ஆதரவும் பெருகி, கேட்டதைப் போல இருபத்தைந்து மடங்குக்கு மேல், சுமார் 1,59,000 டாலர் சேர்ந்தது. 2014 அக்டோபரில் அமெரிக்காவின் யூட்டா மாநிலப் பல்கலைக்கழகத்தில் அவர் பேச இருந்தார். பேசினால் துப்பாக்கிச்சூடு நடத்துவேன் என்று மிரட்டல் வந்தது. அரங்குக்குள் துப்பாக்கி கொண்டுவருவதைத் தடுக்க அந்த மாநிலச் சட்டம் இடம் தராது என்று சொல்லப்பட்டது. கூட்டத்தை ரத்து செய்ய வேண்டியதாயிற்று. "வெறும் கேம்தானே, இதை ஏன் இவ்வளவு சீரியஸா எடுத்துக்கறீங்க?" என்று நம்மைக் கேட்பார்கள். வெறும் கேம் என்றால் கொலை மிரட்டல் விடுகிறவர்களிடம் அல்லவா அந்தக் கேள்வியைக் கேட்க வேண்டும்?

அடுத்து ஒரு விளக்கம் வரும். "கேம் என்பதே பசங்க சமாச்சாரம். சுபாவம் அப்படி." இதைச் சொல்கிறவர்களுக்கு அவர்கள் கொண்டாடும் கேம்களின் வரலாறே தெரியாது. 1980ல் ஜப்பானில் பேக்-மேன் வந்தது. அதை உருவாக்கிய டோரு இவாடானி, ஆண்கள் மட்டும் கூடும் விளையாட்டுக் கூடங்களுக்குப் பெண்களும் வர வேண்டும் என்று நினைத்துத்தான் சுடுவதை விட்டுவிட்டுச் சாப்பிடுவதைக் கருவாக எடுத்தேன் என்று சொல்லியிருக்கிறார். உலகமே ஆடிய கேம் அது. அதே 1980ல் ராபர்ட்டா வில்லியம்ஸ் தன் கணவரோடு சேர்ந்து மிஸ்டரி ஹவுஸ் செய்தார். படங்களோடு வந்த சாகச கேம்களில் அது முன்னோடி. 1981ல் வந்த சென்டிபீடை எட் லாக் என்பவரோடு சேர்ந்து உருவாக்கியவர் டோனா பெய்லி. அட்டாரி நிறுவனத்தின் அந்தப் பிரிவில் அப்போது நிரல் எழுதிய ஒரே பெண் அவர். அந்த கேமைத் தேடிவந்து ஆடிய பெண்கள் ஏராளம். பெய்லி கொஞ்ச காலத்திலேயே அந்தத் தொழிலை விட்டே போய்விட்டார்.

பிறகு என்ன ஆயிற்று? 1983ல் அமெரிக்காவில் வீடியோ கேம் சந்தை படுத்துவிட்டது. அடுத்து வந்த நின்டென்டோ தன் சாதனத்தைப் பொம்மையாகவே கடைக்குக் கொண்டுபோனது. பொம்மைக் கடையில் ஆண் பிள்ளைக்கு ஒரு வரிசை, பெண் பிள்ளைக்கு ஒரு வரிசை. கேம் ஆண் பிள்ளைகள் வரிசையில் வைக்கப்பட்டது. 1989ல் வந்த கையடக்கச் சாதனத்துக்கு கேம் பாய் என்றே பெயர். விளம்பரத்தில் பையன்கள், பத்திரிகையில் பையன்கள், அதைப் படித்து வளர்ந்த பையன்களே அடுத்த தலைமுறையில் கேம் செய்கிறவர்கள். கடைக்காரர் தன் வசதிக்கு அடுக்கிய அலமாரியை இன்று நம்மிடம் சுபாவம் என்று விற்கிறார்கள்.

நம் ஊருக்கு அந்த அலமாரி வேறு உருவத்தில் வந்தது. 2000களில் ஊருக்கு ஊர் பிரவுசிங் சென்டர். அங்கேதான் கவுன்டர் ஸ்ட்ரைக். பள்ளிக்கூடம் விட்டதும் பையன்கள் வரிசையாக உட்கார்ந்து சுட்டுக்கொண்டிருப்பார்கள். நான் பாளையங்கோட்டையில் படித்தபோது பரீட்சை முடிவு பார்க்க ஒரு தரம் அப்படியொரு இடத்துக்குள் போனேன். கூட அப்பா வந்தார். பார்த்தோம், அச்செடுத்தோம், வந்துவிட்டோம். பெண் பிள்ளை அங்கே ஒரு மணி நேரம் உட்கார்ந்தாள் என்றால் அன்று சாயங்காலத்துக்குள் தெரு முழுக்கத் தெரிந்துவிடும். அந்தப் பையன்கள் ஐந்து வருடம் அங்கே பழகிய கை வேகத்தைத்தான் இன்று திறமை என்கிறார்கள். அது திறமைதான், மறுக்கவில்லை. அது எந்த இருக்கையில் உட்கார்ந்து வந்தது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள் என்கிறேன்.

இருக்கையைவிடப் பெரிய விஷயம் நேரம். மத்திய அரசு 2019ல் நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பு ஒன்று நடத்தியது. சம்பளமில்லாத வீட்டு வேலையில் ஈடுபடும் பெண்கள் அதற்கு ஒரு நாளில் சராசரியாக 299 நிமிடம் செலவிட்டார்கள். ஆண்களுக்கு 97 நிமிடம். அதுவும் அந்த வேலையைத் தொடுகிற ஆண்களின் சராசரி. பெண்களில் 81 சதவீதம் பேர் செய்தார்கள், ஆண்களில் 26 சதவீதம் பேர்தான்.

இந்தக் கணக்கைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பப்ஜியைப் பாருங்கள். நூறு பேர் விமானத்திலிருந்து குதிக்கிறார்கள். கடைசியில் உயிரோடு நிற்பவருக்கு வெற்றி. ஓர் ஆட்டம் முடிய கிட்டத்தட்ட அரை மணி நேரம். நடுவில் நிறுத்திவைக்க வழி கிடையாது. எழுந்து போனால் சாவு, கூட ஆடும் மூன்று பேரின் திட்டு வேறு. டார்க் சோல்ஸும் அப்படித்தான், நிறுத்திவைக்கும் பொத்தானே கிடையாது. இந்த கேம்களின் ருசியே அதில்தான் இருக்கிறது என்கிறார்கள். பதற்றம், முழுக் கவனம், ஒரு நொடி கண்ணை எடுக்க முடியாத நிலை. ஒப்புக்கொள்கிறேன். ஆனால் முழு அரை மணி நேரம் யாரும் கூப்பிட மாட்டார்கள் என்ற நம்பிக்கை உள்ளவருக்குத்தான் அந்த ருசி கிட்டும். குக்கர் மூன்றாவது விசில் அடித்தால் யார் எழுந்து போவது? மாமியாருக்கு மாத்திரை? பிள்ளைக்கு வீட்டுப்பாடம்? வாசலில் சிலிண்டர்காரர்? இரவு பதினோரு மணிக்கு ஓர் ஆண் "இன்னும் ஒரே ஒரு மேட்ச்" என்று சொல்ல முடிகிறது என்றால், காலை ஐந்தரைக்கு வேறு ஒருத்தி எழுந்திருக்கப்போகிறாள் என்று அர்த்தம்.

நேரமும் கிடைத்து ஆட உட்கார்ந்தாலும் குரல் ஒன்று இருக்கிறது. பப்ஜியில் அணியாக ஆடும்போது பேசிக்கொண்டுதான் ஆட வேண்டும். நான் மைக்கைத் திறந்து "இடது பக்கம் ஒருத்தன் இருக்கான்" என்று சொன்ன முதல் நாள், எதிரியை விட்டுவிட்டு மூன்று பேரும் என் பக்கம் திரும்பினார்கள். ஒருத்தன் ஊர் கேட்டான். ஒருத்தன் நம்பர் கேட்டான். மூன்றாவது ஆள் கேட்டதை இங்கே எழுத முடியாது. மைக்கை மூடிவிட்டு ஆடினேன். மைக் இல்லாதவள் அணிக்குச் சுமை. "பேச மாட்டேங்குது, ஆடத் தெரியலை" என்று வெளியே தள்ளினார்கள். நான் கேமைப் புரிந்துகொள்ளவில்லை என்று இப்போதும் சொல்வீர்களா?

இப்போது மறுபக்கம் வருவோம். பெண்கள் கூட்டம் கூட்டமாக ஆடும் கேம்களை ஆண்கள் எவ்வளவு புரிந்துகொண்டார்கள்?

1991ல் கலிஃபோர்னியாவின் ஓக்லண்ட் பகுதியைப் பெரும் தீ அழித்தது. அதில் வீட்டை இழந்தவர்களில் வில் ரைட் என்ற கேம் வடிவமைப்பாளரும் ஒருவர். ஒரு குடும்பம் வாழ என்னென்ன வேண்டும் என்ற யோசனை அங்கிருந்து வளர்ந்து தி சிம்ஸ் என்ற கேம் ஆனது. ஆரம்பத்தில் அதற்குப் பொம்மை வீடு என்றே பெயர். அவர் நிறுவனத்து மேலிடம் ஆர்வம் காட்டவில்லை. பொம்மை வீடு பெண் பிள்ளைகளுடையது, பெண் பிள்ளைகள் வீடியோ கேம் ஆடுவதில்லை என்பது அங்கே இருந்த எண்ணம். 2000ல் அது வெளிவந்தது. இரண்டே வருடத்தில், அதுவரை கணினி கேம்களில் விற்பனை முதலிடத்தில் இருந்த மிஸ்டை முந்தியது. ஆடியவர்களில் பாதிக்கு மேல் பெண்கள். அதில் என்ன செய்கிறோம்? வீடு கட்டுகிறோம், வேலைக்குப் போகிறோம், பாத்திரம் கழுவுகிறோம். புருஷனைக் கழுவச் சொன்னால் அவனும் கழுவுகிறான். இதில் என்ன சுவாரசியம் என்று கேட்டவர்களுக்கு, தன் வீட்டைத் தானே தீர்மானிக்க முடியாதவர்களுக்கு அது எப்பேர்ப்பட்ட சுவாரசியம் என்று கடைசி வரை விளங்கவில்லை. விளங்காததற்காக அவர்கள் யாரும் வெட்கப்படவும் இல்லை. "அதெல்லாம் கேமே இல்லை" என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

"கேமே இல்லை" என்பதுதான் ஆணின் "புரியவில்லை". 2013ல் வந்த கான் ஹோம் கேமில் ஒரு பெண் வெளிநாட்டிலிருந்து திரும்பி, ஆளில்லாத வீட்டில் நடந்து நடந்து, தன் தங்கை இன்னொரு பெண்ணைக் காதலித்த கதையைத் தெரிந்துகொள்கிறாள். இதுபோன்றவற்றை வெறும் நடைபயிற்சி என்று கேலி செய்தார்கள். 2023ல் வெண்பா வந்தது. கனடாவுக்குக் குடிபெயர்ந்த ஒரு தமிழ்க் குடும்பம். அம்மா வெண்பா, அப்பா பாவலன், மகன் கவின். பாட்டி வழி வந்த சமையல் குறிப்பேடு கிழிந்து எழுத்து அழிந்துகிடக்கிறது. இட்லித் தட்டுகளை எப்படி அடுக்கினால் ஆவி ஒழுங்காகப் போகும் என்று நாம்தான் கண்டுபிடிக்க வேண்டும். ஒன்றரை மணி நேரத்தில் முடிந்துவிடும். அடுத்த வருடம் அதற்கு அறிமுகப் படைப்புக்கான பாஃப்டா விருது கிடைத்தது. "இட்லி சுடறதெல்லாம் ஒரு கேமா?" என்று என்னிடம் கேட்டவர், ஒரே வரைபடத்தில் ஒரே துப்பாக்கியோடு இரண்டாயிரம் தரம் குதித்தவர். வாழ்க்கையில் ஒரு தரமாவது இட்லித் தட்டை அடுக்கியிருந்தால் அதில் இருக்கும் புதிர் தெரிந்திருக்கும்.

நம் பாட்டிமார்களின் பல்லாங்குழிக்கும் இதே மரியாதைதான் கிடைத்தது. எந்தக் குழியில் எடுத்தால் எங்கே போய் முடியும் என்று முன்கூட்டியே மனக்கணக்குப் போடும் ஆட்டம் அது. வயதுக்கு வந்த பெண்ணை வெளியே விடாமல் உட்கார வைத்தபோது கையில் கொடுத்தார்கள். அதனாலேயே அது பொழுதுபோக்கு. சதுரங்கம் மட்டும் மூளை விளையாட்டு.

நான் பெண்களின் கேம்களுக்குக் கொடி பிடிக்கவில்லை. கேண்டி க்ரஷ் ஐந்து உயிர் தரும். தீர்ந்துவிட்டால் ஓர் உயிருக்கு அரை மணி நேரம் காத்திருக்க வேண்டும், இல்லையென்றால் காசு கட்ட வேண்டும். பெண்ணுக்குக் கிடைக்கும் நேரம் துண்டு துண்டாகத்தான் கிடைக்கும் என்பதை முதலாளிகள் நம் கணவன்மார்களைவிட நன்றாகத் தெரிந்துவைத்திருக்கிறார்கள். அந்தத் துண்டுகளை விலைக்கு விற்கிறார்கள். 2015ல் அந்த நிறுவனத்தை வாங்க ஆக்டிவிஷன் பேசிமுடித்த விலை 590 கோடி டாலர். துப்பாக்கி கேம்களால் பணம் குவித்த கம்பெனி, "இதெல்லாம் கேமே இல்லை" என்று சொல்லவில்லை. சம்பாதிக்கிறவன் பெண்ணின் ரசனையை மதிக்காவிட்டாலும் எண்ணத் தெரிந்தவன்.

துப்பாக்கி கேம் பிடித்த பெண்களையும் நான் குறை சொல்லவில்லை. என் தோழி ஒருத்தி பப்ஜியில் என் சித்தி மகனையெல்லாம் ஊதித் தள்ளுவாள். அவளுக்கு வேறு மாதிரிப் பரீட்சை. "நிஜமா நீதான் ஆடினியா, அண்ணன் ஆடிக் கொடுத்தாரா?" பிடிக்கவில்லை என்றவளுக்குத் திறமை இல்லை. பிடிக்கும் என்றவள் பொய் சொல்கிறாள். இரண்டு பேருக்கும் கேள்வித்தாள் அடித்துக் கொடுப்பது ஒரே கை.

"சரி, அவங்கவங்க கேமை அவங்கவங்க ஆடிட்டுப் போகட்டுமே, இதுல என்ன சண்டை?" என்று சமாதானம் பேசுவார்கள். இருவரும் சம தளத்தில் இருந்தால் பேசலாம். ஆனால் எது சிறந்தது என்று பட்டியல் போடுகிறவர், எந்த யோசனைக்குப் பணம் என்று முடிவு செய்கிறவர், யாரை வேலைக்கு எடுப்பது என்று தீர்மானிக்கிறவர் எல்லாம் ஒரே வரிசையிலிருந்து வருகிறபோது, ஒருவர் ரசனை அளவுகோல் ஆகிறது, மற்றவர் ரசனை அளக்கப்படுகிறது. அளவுகோலை வைத்திருப்பவர் சமாதானம் பேசுவது சுலபம்.

ஆண்களிடம் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. ஒரு பெண் ஒரு கேம் பிடிக்கவில்லை என்றால் அவள் கையிலிருந்து போனை வாங்காதீர்கள். ஏன் என்று கேளுங்கள், அவள் சொல்லும் பதிலை உங்கள் கேமுக்கு வந்த விமர்சனமாக எடுத்துக்கொள்ளுங்கள். அணியில் ஒரு பெண் குரல் கேட்டால், எதிரி எந்தப் பக்கம் என்று அவள் சொல்வதைக் கேளுங்கள்.

தோழிகளிடம் ஒன்று கேட்கிறேன். "எனக்கு இதெல்லாம் தெரியாது, ஆனா…" என்று ஆரம்பிப்பதை விட்டுவிடுவோம். ஆடிப் பார்த்தேன், பிடிக்கவில்லை, அவ்வளவுதான். பிடித்திருந்தாலும் அப்படியே, அதற்கும் யாரிடமும் சான்றிதழ் வாங்க வேண்டாம்.

அரை மணி நேரம் யாரும் கூப்பிடாத ஒரு வீடு எங்களுக்கும் வேண்டும். அந்த அரை மணியில் பப்ஜி ஆடுவோமா, கேண்டி க்ரஷ் ஆடுவோமா, ஒன்றுமே ஆடாமல் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு படுத்திருப்போமா என்பதை நாங்கள் முடிவு செய்துகொள்கிறோம்.